ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்: சம்பளத்தை விடாமல் சொந்தத் தொழிலுக்கு மாறும் வழி

2018-ல் ஒரு ராத்திரி. கடை வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, கூடத்தில் பில்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்காத மாப்ள. ஒண்ணு வேலையப் பாரு, இல்ல தொழிலப் பாரு.”

பழமொழியோடு சண்டை போட நான் ஆளில்லை. ஆனால் வைகையில் தண்ணீர் ஓடும்போது இறங்கிக் கடந்தவர்களுக்குத் தெரியும். முன்கால் மணலில் நன்றாகப் பதிந்த பிறகுதான் பின்காலை எடுக்க முடியும். கொஞ்ச நேரம் ஒரு கால் ஆற்றிலும் ஒரு கால் சேற்றிலும்தான் நிற்கும். எனக்கு அந்தக் கொஞ்ச நேரம் ஒன்றரை வருடம் எடுத்தது.

மதுரையில் ஒரு பைப் மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளையாக 2014 ஜூலையில் சேர்ந்தேன். படிப்பு பி.காம். 2019 ஜூலையில் நிரந்தர வேலையிலிருந்து விலகினேன். இப்போது நாற்பது சொச்சம் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். அதனால் கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் கணக்கு வேலையிலிருந்து வருகின்றன. தையல், வெல்டிங், டியூஷன், பலகாரம் என்று நீங்கள் எதை நோக்கி நகர்ந்தாலும் வரிசை ஏறக்குறைய இதுதான். தேதியும் தொகையும்தான் மாறும்.

1. மாதச் செலவை நம்பாதீர்கள், வருடச் செலவை எழுதுங்கள்

“மாசம் பதினாலாயிரம் இருந்தாப் போதும்” என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். சம்பளம் 19,000. அப்படியானால் மாதம் 5,000 மிஞ்ச வேண்டும். ஒரு மாதமும் மிஞ்சியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருவரும் உட்கார்ந்து, மாதக் கணக்கில் வராத செலவுகளை ஒரு நோட்டில் எழுதினோம். பள்ளிக் கட்டணம் 18,000. தீபாவளி 10,000. மொய் 12,000. வண்டி இன்சூரன்சும் சர்வீசும் 6,000. ஆஸ்பத்திரி, மருந்து 8,000. மொத்தம் 54,000. அதைப் 12-ஆல் வகுத்தால் 4,500. ஆக எங்கள் உண்மையான மாதச் செலவு 18,500. 19,000 சம்பளத்தில் மிச்சம் 500 ரூபாய்!

மொய்யைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கம் வைகாசியிலும் ஆவணியிலும் வரும் பத்திரிகைகளைப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள். நகைக்கடன் வட்டி, சீட்டுப் பணம், ஊருக்கு அனுப்புவது எல்லாவற்றையும் எழுதுங்கள். சட்டை வாங்குவதைக்கூட விடாதீர்கள்.

இந்த 18,500 கிடைத்த பிறகுதான் மற்ற எல்லா முடிவுகளுக்கும் ஓர் அளவுகோல் வந்தது. அதற்கு முன் பேசியதெல்லாம் ஆசை மட்டும்தான்.

2. தெரிந்த வேலைக்கு அடுத்த வேலையைத் தேர்ந்தெடுங்கள்

எனக்கு முதலில் புகைப்படக்காரர் ஆகத்தான் ஆசை. கேமரா விலையைக் கேட்டதோடு அது அடங்கியது. பிறகு 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. ஊரில் பாதிக் கடைக்காரர்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நானோ கடையில் தினமும் அதில்தான் உழன்றுகொண்டிருந்தேன். முதலாளி என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார், நான் செய்த தவறுகளைப் பொறுத்துக்கொண்டார். சம்பளமும் வாங்கிக்கொண்டு படித்த படிப்பு அது.

பத்து வருடம் வெல்டிங் செய்தவர் சொந்தப் பட்டறைக்குப் போவது ஓர் எட்டு. அவரே ஹோட்டல் வைப்பது தாண்டல். இரண்டாவதைச் செய்யக்கூடாது என்பதில்லை. அதற்கு ஆகும் காலத்தையும் பணத்தையும் மூன்று மடங்காகப் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

படிப்போ பதிவோ தேவைப்படும் துறையானால், சம்பளம் வரும்போதே முடித்துவிடுங்கள். பி.காம் படித்த ஒருவர் ஜிஎஸ்டி பிராக்டிஷனராக, அதாவது மற்றவர்களுக்காக ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவராகப் பதிய பிசிடி-01 என்ற படிவம் இருக்கிறது, விதிகளில் தேர்வும் சொல்லப்பட்டிருக்கிறது. வேலையை விட்ட பிறகு தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் மனசு புத்தகத்தில் நிற்காது, பால் பாக்கெட் விலையில் நிற்கும்.

3. முதலாளியிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்

இதற்குத்தான் எனக்கு அதிக தைரியம் தேவைப்பட்டது. மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு மத்தியானம், கல்லாவில் கூட்டமில்லாத நேரம் பார்த்துச் சொன்னேன்: “அண்ணே, வெளிய ரெண்டு மூணு சின்னக் கடைக்கு ராத்திரில கணக்கு எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். நம்ம வேலை கெடாது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பைப் கடைக்குப் பாக்காத. மத்ததுக்குப் பாத்துக்க” என்றார். அவ்வளவுதான்.

அவர் போட்ட அந்த ஒரு நிபந்தனையை இன்றுவரை நான் மீறியதில்லை. அவருடைய வாடிக்கையாளர் யாரையும் நானாகப் போய்க் கேட்டதுமில்லை. கடையின் டேலி என்ற கணக்கு மென்பொருளையும் கம்ப்யூட்டரையும் வெளிவேலைக்குத் தொடவில்லை. 11,000 ரூபாய்க்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். ஜிஎஸ்டி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆஃப்லைன் கருவியும் எக்செல்லுமே முதல் வருடத்துக்குப் போதுமானதாக இருந்தன.

பெரிய கம்பெனியில் இருப்பவர்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். வேலையில் இருக்கும்போது வேறு வேலை பார்க்கக்கூடாது என்ற நிபந்தனை உங்களைக் கட்டும். வேலையை விட்ட பிறகும் அதே தொழிலைச் செய்யக்கூடாது என்று எழுதியிருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவு பொதுவாக அதை ஏற்பதில்லை. ஆனால் கம்பெனியின் ரகசியங்களை எடுத்துப்போவது வேறு சங்கதி, அதில் மாட்டாதீர்கள். அரசு ஊழியர்கள் அனுமதி வாங்காமல் தனித்தொழில் செய்ய நடத்தை விதிகள் இடம் தருவதில்லை. மனைவி பெயரில் நடத்துகிறேன் என்ற கதையையும் அலுவலகத்தில் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

4. முதல் மூன்று பேர்

விளம்பரம், விசிட்டிங் கார்டு, பெயர்ப்பலகை எதுவும் இப்போது வேண்டாம். மூன்று பேர் போதும்.

என் முதல் ஆள் எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சி. பில்களை ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார். கொட்டினால் மூன்று மாதத்துச் சரக்கு பில், கரண்ட் பில், இரண்டு கல்யாணப் பத்திரிகை, ஒரு கோயில் ரசீது. பாதி பில் வழவழ காகிதத்தில் அச்சடித்தவை, வெயில் பட்டு எழுத்து மங்கிப்போயிருந்தன. டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்துத்தான் எண்ணைப் படிக்க முடிந்தது. கடையில் நான் பார்த்த கணக்கு எல்லாம் ஒழுங்காக ஃபைலில் வரும். வெளியுலகம் மஞ்சப்பையில் வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்தது ஓடிபி. படிவத்தைச் சமர்ப்பிக்கும்போது ஓடிபி கடைக்காரரின் போனுக்குத்தான் போகும், பத்து நிமிஷத்துக்குள் போட வேண்டும். எனக்கு நேரம் கிடைப்பதே ராத்திரி பத்தரைக்கு. அண்ணாச்சியோ காலை நாலரைக்கு மார்க்கெட் போகிறவர், ஒன்பதுக்கே படுத்துவிடுவார். மூன்று ராத்திரி எழுப்பினேன். நாலாவது நாள் அவர் மனைவி போனை எடுத்து, “தம்பி, ஒங்க நம்பருக்கு வர்ற மாதிரி செய்ய முடியாதா?” என்றார். செய்யலாம்தான். சிலர் செய்கிறார்கள். ஆனால் அவருடைய வரிக் கணக்கின் சாவி என் கையில் இருப்பது இருவருக்கும் நல்லதில்லை. அதனால் ஞாயிறு காலை பத்து மணி, அவர் கடையிலேயே உட்கார்ந்து, அவர் கண்முன் சமர்ப்பிப்பது என்று வைத்துக்கொண்டோம். அந்த அரை மணி நேரத்தில்தான் அடுத்த நான்கு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். அரிசி வாங்க வந்தவர்கள், “என்ன அண்ணாச்சி, ஆடிட்டரா?” என்று கேட்டே வந்து சேர்ந்தார்கள்.

வேலையில் தெரியாத இப்படி ஏதோ ஒன்று உங்கள் தொழிலிலும் இருக்கும். ரவிக்கை தைக்கிறவருக்கு, அளவு கொடுத்துவிட்டு முகூர்த்தத்துக்கு முதல்நாள் வந்து நிற்கும் ஆள். டியூஷன் எடுப்பவருக்கு, பரீட்சை முடிந்ததும் கடைசி மாதக் கட்டணம் தராத வீடு. சம்பளம் கைவசம் இருக்கும்போதே இவற்றைச் சந்தித்துவிடுவது நல்லது.

5. இலவசமாகச் செய்யாதீர்கள்

முதல் காலாண்டு அண்ணாச்சியிடம் பணம் வாங்கவில்லை. பழக்கம், பக்கத்துக் கடை. விளைவு, அவர் பில் தருவதில் அவசரம் காட்டவில்லை. ஓசியில் வருவதற்கு யாரும் கெடு பார்ப்பதில்லை. இரண்டாவது காலாண்டில் 1,500 ரூபாய் என்றேன். மஞ்சப்பை ஐந்தாம் தேதியே வந்தது.

எவ்வளவு கேட்பது? உங்கள் சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். 19,000-ஐ 26 நாள், நாளுக்குப் பத்து மணி என்று வகுத்தால் மணிக்கு 73 ரூபாய் வந்தது எனக்கு. அண்ணாச்சி கணக்குக்கு ஒரு காலாண்டில் ஒன்பது மணி நேரம் ஆனது, ஆக 657. அதை இரண்டால் பெருக்கி, கொஞ்சம் ஏற்றி 1,500 ஆக்கினேன். வேலை வராத நாளுக்கும், போக்குவரத்துக்கும், தப்பு நடந்தால் கட்டும் அபராதத்துக்கும் அந்த இன்னொரு பங்கு வேண்டும்.

அபராதம் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. 2018 அக்டோபர் 18 காலாண்டுக் கணக்குக்குக் கடைசி நாள். அன்றைக்கு ஆயுத பூஜை. கடையில் தராசு, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி தின்றுவிட்டு வந்து தூங்கிவிட்டேன். ஒரு மளிகைக் கடைக் கணக்கு அப்படியே கிடந்தது, மாதக் கடைசியில்தான் பார்த்தேன். நாளுக்கு 50 ரூபாய் வீதம் 12 நாள், 600 ரூபாய். என் கையிலிருந்து கட்டினேன், அவரிடம் சொல்லியும் விட்டேன். அன்றிலிருந்து ரிமைண்டர் கடைசி நாளுக்கு இல்லை, ஆறு நாள் முன்னதாக.

6. நாள்காட்டி இரண்டும் மோதாமல் பாருங்கள்

வேலையும் பக்கத் தொழிலும் ஒரே துறையில் இருந்தால் ஒரு சிக்கல் உண்டு: இரண்டிலும் நெருக்கடி ஒரே நாளில் வரும். மாதக் கணக்குக்கு 11-ம் தேதியும் 20-ம் தேதியும் கெடு. என் கடைக்கும் அதே, வெளியே பிடிக்கும் கடைக்கும் அதே. மாதக் கணக்கு வாடிக்கையாளர்களாகப் பத்துப் பேர் பிடித்திருந்தால் 20-ம் தேதி நான் படுத்திருப்பேன்.

அதனால் முதலில் காம்போசிஷன் முறையில், அதாவது விற்றுமுதலில் ஒரு சின்னச் சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறையில் பதிந்த சின்னக் கடைகளாகப் பார்த்தே பிடித்தேன். அவர்களுக்கு அப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு, அதுவும் 18-ம் தேதி. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் நான்கு மாதம்தான் தூக்கம் கெடும். இப்போது ஆரம்பிப்பவர்களுக்கு இன்னும் வசதி. 2021 ஜனவரியிலிருந்து 5 கோடி வரை விற்றுமுதல் உள்ள கடைகள் காலாண்டுக் கணக்கைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்நாட்டுக் கடைகளுக்கு அதன் வரிக் கணக்குக்குக் கெடு, காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 22-ம் தேதி. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு, அடுத்த மாதம் 25-ம் தேதிக்குள் வரியை மட்டும் கட்டினால் போதும்.

உடம்பையும் கணக்கில் சேருங்கள். வாரம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பக்கவேலை வைத்தபோது, கடையில் எனக்குக் கூட்டல் தப்பியது. கணக்குப்பிள்ளைக்கு அதைவிட அவமானம் இல்லை. எந்தத் தொழிலிலும் இப்படி ஒரு மணி அடிக்கும். அடித்ததும் புது ஆர்டரை நிறுத்துங்கள்.

7. பக்க வருமானத்தைத் தொடாதீர்கள்

வெளியே வந்த பணம் எல்லாம் தனி வங்கிக் கணக்குக்குப் போனது. அங்கிருந்து ஒரு வருட ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு. வீட்டுச் செலவு சம்பளத்துக்குள் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஃப்ரிட்ஜ் பழுதானபோது ஒருமுறை மீறினோம், பொய் சொல்ல மாட்டேன். ஆறு மாதச் செலவு 1,11,000 சேர்க்க நினைத்தேன். கிளம்பும்போது கையில் இருந்தது 76,000, நான்கு மாதத்துக்குத்தான்.

சின்ன அளவில் சேவைத் தொழில் செய்பவருக்கு வருடம் 20 லட்சம் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. கடன், மானியம் வேண்டுமென்றால் உதயம் என்ற சிறுதொழில் பதிவைப் போடுங்கள். அரசு இணையதளத்தில் ஆதாரை வைத்து நீங்களே போடலாம், கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால் அது வேறு யாருடையதோ.

8. பின்காலை எப்போது எடுப்பது

நான் வைத்துக்கொண்ட விதி இது: பக்க வருமானம் குறைந்தபட்சச் செலவில் பாதியை, தொடர்ந்து மூன்று காலாண்டு தாண்ட வேண்டும். 18,500-ல் பாதி 9,250. காலாண்டுக் கடைகள் 14, மாதத்துக்கு வகுத்தால் தலா 500. மாதக் கடைகள் 3, தலா 800. மொத்தம் 9,400. ஒரு காலாண்டு இந்தத் தொகை வந்தால் அது யோகமாக இருக்கலாம். மூன்று காலாண்டு வந்தால் நம்பலாம்.

அப்போதும் முழுசாக விடவில்லை. முதலாளியிடம் வாரம் மூன்று நாள் வருகிறேன், 10,000 கொடுங்கள் என்று கேட்டேன். புது ஆளைப் பழக்குவதைவிட அது அவருக்கும் லாபம். 9,400-ம் 10,000-ம் சேர்ந்து 19,400. ஊழியர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ போய்விடுவதால் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 1,000 சேர்த்தால் செலவு 19,500. நூறு ரூபாய் உதைத்தது! அந்த நூறு ரூபாய்க்காக ஒரு டீக்கடைக் கணக்கைப் பிடித்துவிட்டுத்தான் கடிதம் கொடுத்தேன்.

முழுநேரம், பாதிநேரம், ஒப்பந்தம், ஆறு மாதச் சம்பளமில்லா விடுப்பு எனப் படிகள் இருக்கின்றன. கேட்காமலே “தர மாட்டார்கள்” என்று முடிவுகட்டுகிறவர்கள்தான் அதிகம்.

9. கிளம்பும் தேதியும் காகிதங்களும்

2019 மார்ச்சிலேயே கிளம்ப நினைத்தேன். தடுத்தது பணிக்கொடை. தொடர்ந்து ஐந்து வருடம் முடித்த நிரந்தர ஊழியருக்கு, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். கடைசி அடிப்படைச் சம்பளத்தை, பஞ்சப்படி இருந்தால் அதையும் சேர்த்து, 26-ஆல் வகுத்து, 15-ஆலும் வருடங்களாலும் பெருக்குவது அப்போதைய கணக்கு. என் அடிப்படை 13,000. 500 ரூபாய், பெருக்கல் 15, பெருக்கல் 5: மொத்தம் 37,500. நான்கு மாதம் பொறுத்ததற்கு இரண்டு மாதச் செலவு கைக்கு வந்தது.

பிஎஃப் பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஐந்து வருடம் ஆகுமுன் எடுத்தால் வரி வரும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருட சேவை வேண்டும், நாளைக்கே மறுபடி வேலைக்குப் போனால் யுஏஎன் என்ற அதே பிஎஃப் எண்ணில் தொடரும். நான் எடுக்கவில்லை. இஎஸ்ஐ-யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை என்று கணக்கு. கடைசி நாளோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாமல், உங்கள் அட்டை எதுவரை செல்லும் என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள். தனியார் காப்பீட்டை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அனுபவச் சான்றிதழைக் கடைசி நாளிலேயே கையோடு வாங்குங்கள். அப்புறம் வாங்கிக்கலாம் என்பது நடக்காது.

10. இந்த வழி ஒத்துவராத இடங்கள்

வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்க பார் கவுன்சில் விதிகள் விடுவதில்லை. சிஏ பயிற்சியில் இருப்பவருக்கும் இன்னொரு வேலை கூடாது. நர்சிங் கல்லூரிக்கு ராத்திரியில் மட்டும் போக முடியாது. அங்கெல்லாம் ஒரு தாண்டல் தாண்டித்தான் ஆக வேண்டும். அதற்கு முன் சேமிப்பை ஏற்றுவதும் செலவை இறக்குவதும்தான் உங்கள் கையில் இருக்கும் படிகள். அடிவாங்கும் இடத்தில் வேலை பார்ப்பவரிடமும், மூன்று மாதமாகச் சம்பளம் வராதவரிடமும் படிப்படியாகப் போங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

திரும்பி வருவதற்கும் வழி விட்டு வையுங்கள். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. டீக்கடை, ஜவுளிக்கடை, ஸ்டேஷனரிக்கடை எல்லாம் பூட்டு. மூன்று மாதம் வெளியிலிருந்து வந்தது மொத்தமே 5,000 தொடவில்லை. கணக்குக் கெடுவையெல்லாம் அரசு தள்ளிவைத்தது, கட்டணமும் கூடவே தள்ளிப்போனது. கடையின் 10,000-மும், அந்த 76,000-ல் மிஞ்சியதும் இல்லையென்றால் நகையை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போயிருப்போம். ஜூனில் முதலாளி கூப்பிட்டு, “ஆறு நாளும் வாயேன், பழைய சம்பளமே தர்றேன்” என்றார். போனேன். டிசம்பர் வரை ஆறு நாளும் போனேன். ஜனவரியில் மறுபடி மூன்று நாள் ஆக்கிக்கொண்டேன், அடுத்த வருடம் ஒரு நாள்.

இப்போதும் சனிக்கிழமை காலை அங்கேதான் இருப்பேன். மாமா போன மாதம் வந்திருந்தார். அவர் மகன் ஐடிஐ முடித்துவிட்டு ஏசி மெக்கானிக்காக ஒரு சர்வீஸ் சென்டரில் இருக்கிறான், தனியாகச் செய்ய ஆசைப்படுகிறானாம். “என்ன மாப்ள செய்யலாம்?” என்று கேட்டார். அவனை ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன்.